ஸ்லைடுக்குப் பூட்டு: கணக்கையும் வசூல் விவரத்தையும் பிறர் திருத்தாமல் காப்பது எப்படி?



ரமலான் நெருங்கிவிட்டால் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பி.பி.டி.க்கள் வரத் தொடங்கிவிடும். ஜகாத் வசூல் விவரம், பைத்துல்மால் ஆண்டுக் கணக்கு, பள்ளிவாசல் கட்டட நிதி, கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் முறை என்று ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு. ஜும்ஆ முடிந்ததும் செயலாளர் எழுந்து நின்று நோட்டைப் பார்த்து வாசித்த கணக்கை, இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வண்ணப் படங்களோடு செய்து கொடுத்துவிடுகிறார்கள். வெளியூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் சகோதரர்களும் அன்றைக்கே பார்த்துவிட முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம்தான்.

ஆனால் நோட்டுக்கு இருந்த ஒரு பாதுகாப்பு ஸ்லைடுக்கு இல்லை. பேனாவால் எழுதிய 4,500ஐ யாராவது 45,000 ஆக்கினால் இடைச்செருகல் தெரியும், மை மாறியது தெரியும். ஸ்லைடில் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்த மாதிரிதான் தெரியும். இதைவிடப் பெரிய ஆபத்து கடைசி ஸ்லைடில் இருக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணும் கியூஆர் படமும் அங்கேதான் போடுகிறோம். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு கியூஆர் படத்தை ஒட்டி, மீதி பதினோரு ஸ்லைடையும் அப்படியே விட்டு மறுபடி அனுப்பினால் யார் கண்டுபிடிப்பார்கள்? கொடுத்தவர் தம் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார். பெற வேண்டிய விதவைத் தாய்க்கு ஒன்றும் போய்ச் சேராது. பழி, ஸ்லைடு செய்து கொடுத்த பிள்ளையின் மேல் விழும்.

எனவே இந்தப் பாடம். பவர்பாயின்ட்டில் பூட்டு மாதிரி தெரிவதெல்லாம் பூட்டு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொண்டால், அமானிதமாக நம்மிடம் வந்த பணத்துக்கும் பெயர்களுக்கும் பெரும்பாலான ஆபத்துகளைத் தடுத்துவிடலாம்.

முத்திரையும் கட்டும்

எழுத்தைத் திருத்திப் பணம் பெறுவது கணினியோடு வந்த குற்றம் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று தோழர்கள் சொன்னார்கள். அதற்காகவே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்று பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடை செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இருக்கும் செய்தி இது. அந்தத் தடையைக் கவனியுங்கள். எல்லோர் கையிலும் ஒரே முத்திரை இருந்தால் அது முத்திரையே இல்லை.

அடுத்த நிகழ்ச்சி முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக இமாம் தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கும்படி இராக்கின் ஆளுநர் ஸியாதுக்குக் கடிதம் எழுதி, அந்த மனிதர் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். அவர் வழியில் கடிதத்தைப் பிரித்து ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்கிவிட்டார். ஆளுநரும் கொடுத்துவிட்டார். கணக்கு வந்தபோதுதான் திருத்தம் வெளிப்பட்டது. அதற்குப் பிறகே ‘தீவானுல் காதம்’ என்ற முத்திரை அலுவலகம் ஏற்பட்டது. அதுவரை சும்மா மடித்து அனுப்பப்பட்ட கடிதங்கள் கட்டி முத்திரையிட்டு அனுப்பப்பட்டன.

இந்த இரண்டிலும் இரண்டு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. முத்திரை, இது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும். கட்டு, வழியில் பிரிக்கப்படவில்லை என்று சொல்லும். இன்னொன்றையும் பாருங்கள்: அந்தத் திருத்தம் எப்படிப் பிடிபட்டது? அனுப்பியவரிடம் இருந்த தொகையோடு ஒப்பிட்டபோதுதான். கடைசியில் இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

பூட்டு அல்லாத பூட்டுகள்

பவர்பாயின்ட்டில் ஃபைல், பிறகு இன்ஃபோ, பிறகு ‘புரொடெக்ட் பிரசென்டேஷன்’ என்று போனால் சில வழிகள் வரும். அதில் ‘மார்க் ஆஸ் ஃபைனல்’ என்பதைத்தான் பலரும் அழுத்துகிறார்கள். அழுத்தியதும் மேலே மஞ்சள் பட்டை வரும், தட்டச்சு செய்தால் எழுத்து விழாது. பூட்டியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே மஞ்சள் பட்டையில் ‘எடிட் எனிவே’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லாம் திறந்துவிடும், பாஸ்வேர்டே கேட்காது. ‘ஆல்வேஸ் ஓப்பன் ரீட் ஒன்லி’யும் இதே வகை. கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம், தாழ்ப்பாள் போடவில்லை. நம்மவர்களே தவறுதலாகக் கைபட்டு மாற்றிவிடாமல் இருக்க இது போதும். வேண்டுமென்றே திருத்த வருபவருக்கு இது தடையே இல்லை.

கோப்பை பி.பி.டி.எக்ஸ். ஆகச் சேமிக்காமல் பி.பி.எஸ்.எக்ஸ். ஆகச் சேமித்தால் திறந்தவுடனே முழுத்திரையில் ஓடும். இதையும் சிலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பவர்பாயின்ட்டை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால் சாதாரணமாகத் திருத்தலாம்.

அடுத்தது, ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் டூல்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ் என்று போனால் வரும் ‘பாஸ்வேர்ட் டு மாடிஃபை’. பார்க்கலாம், திருத்த வேண்டுமானால் பாஸ்வேர்ட் வேண்டும். கேட்பதற்கு நமக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றும். பாதி உண்மை. உள்ளே இருக்கும் ஸ்லைடுகள் மறைகுறியாக மாறுவதில்லை, ‘இதைத் திருத்தாதே’ என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு மட்டும் சேர்கிறது. பி.பி.டி.எக்ஸ். கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் படங்கள் தனியாகவும் எழுத்துகள் தனியாகவும் உள்ளே கிடக்கும். விவரம் தெரிந்தவர் அந்தக் குறிப்பை நீக்கிவிட முடியும். நம் தெருவில் பத்தில் ஒன்பது பேருக்கு இது தெரியாது என்பதும் உண்மைதான். ஆகவே பயன்படுத்துங்கள், நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

உண்மையான பூட்டு எதற்கு?

‘புரொடெக்ட் பிரசென்டேஷன்’ பட்டியலில் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’ இருக்கிறதே, அதுதான் நிஜப் பூட்டு. இதைப் போட்டால் கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் மறைகுறியாக மாறிவிடும். நீளமான, ஊகிக்க முடியாத பாஸ்வேர்டாக இருந்தால் அதை உடைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். மறந்துவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே மீட்டுத் தர முடியாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்கும். லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துபவர்கள் சேமிக்கும் பெட்டியிலேயே ‘சேவ் வித் பாஸ்வேர்ட்’ என்பதில் டிக் செய்ய வேண்டும்.

ஆனால் இந்தப் பூட்டு திருத்துவதைத் தடுக்க ஏற்பட்டதல்ல, படிப்பதைத் தடுக்க ஏற்பட்டது. முந்நூறு பேர் இருக்கும் குழுவில் கோப்பை அனுப்பிவிட்டு, கூடவே பாஸ்வேர்டையும் அனுப்பினால் என்ன பயன்? திறக்க முடிந்தவர் திருத்தவும் முடியும்.

அப்படியானால் இது எங்கே தேவை? ஜகாத் பெறுவோர் பட்டியல், மருத்துவ உதவி கேட்டவர்களின் நோய் விவரம், படிப்பு உதவி பெறும் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குடும்ப வருமானமும். இவை நிர்வாகக் குழுவில் நான்கைந்து பேர் மட்டும் பார்க்க வேண்டியவை. வாங்கியவரின் மானம் நம் கையில் இருக்கிறது. இந்தக் கோப்புகளுக்கு இந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும் என்பேன். பாஸ்வேர்டைக் கோப்போடு சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரிலோ போனிலோ சொல்லுங்கள். செயலாளர் மாறும்போது பாஸ்வேர்டும் அவரோடு போய்விடாமல் இருக்க, ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி, அறக்கட்டளைப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போவது

இது திருத்தம் பற்றியது இல்லை என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்பவர்களே இதில் சிக்குகிறார்கள். எக்ஸலில் உதவித்தொகைப் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு வரைபடம் செய்து, காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டுகிறீர்கள். ஸ்லைடில் தெரிவது நான்கு வண்ணத் தூண்கள் மட்டும். ஆனால் ஒட்டும்போது ‘எம்பெட் ஒர்க்புக்’ என்ற வகையில் ஒட்டியிருந்தால், அந்த எக்ஸல் புத்தகம் முழுவதும், எல்லாப் பக்கங்களோடும், பி.பி.டி.க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘எடிட் டேட்டா’ கொடுத்தால் பெயர்கள், போன் எண்கள் எல்லாம் வரும். ஆகவே வரைபடத்தை ஒட்டும்போது ‘பிக்சர்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்லைடுக்குக் கீழே பேசுபவருக்காக எழுதும் ‘நோட்ஸ்’ பகுதியும் கோப்போடு போகும். வெட்டிச் சிறிதாக்கிய புகைப்படத்தின் வெட்டப்பட்ட பகுதியும் போகும். உதவி பெறும் தாயின் முகத்தை வெட்டிவிட்டு, பொருளை வாங்கும் கையை மட்டும் காட்டியிருப்பீர்கள். வாங்கியவர் ‘கிராப்’ என்பதை மறுபடி அழுத்தினால் முகம் திரும்பி வந்துவிடும். அனுப்புமுன் இன்ஃபோ பகுதியில் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஓட்டிக் குறிப்புகளையும் எழுதியவர் பெயரையும் அகற்றலாம். வெட்டிய படத்துக்கு ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ கொடுத்து, வெட்டிய பகுதியை நீக்கும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும்.

ஊருக்கு அனுப்புவது எப்படி?

எல்லோரும் பார்க்க வேண்டிய ஸ்லைடுக்கு வருவோம். முதல் விதி: பி.பி.டி.யை அப்படியே அனுப்பாதீர்கள். பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். கணினியில் ஃபைல், எக்ஸ்போர்ட் வழியாக. கைபேசியில் பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இருக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ தேர்ந்தெடுத்து. எக்ஸல் புத்தகத்தையும் வெட்டிய முகத்தையும் பற்றிச் சொன்ன சிக்கல்களும் இதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பவர்பாயின்ட் இல்லாத போனிலும் திறக்கும், தமிழ் எழுத்துரு உடையாது.

பி.டி.எஃப்.ஐத் திருத்தவே முடியாது என்று சொல்கிறார்கள், அது சரியில்லை. 2013க்குப் பிறகு வந்த வேர்டிலேயே பி.டி.எஃப்.ஐத் திறந்து திருத்தலாம். கொஞ்சம் கூடுதல் தடை வேண்டுமானால், ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் கோப்பு வகையாக ‘பவர்பாயின்ட் பிக்சர் பிரசென்டேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாக மாறிவிடும், எழுத்தைத் தொட்டு மாற்ற முடியாது. அதைப் பி.டி.எஃப். ஆக்குங்கள். அப்போதும் ஒருவர் நம் கியூஆர் மேல் வேறொன்றை ஒட்ட முடியும். திருத்துவது கடினமாகும், அவ்வளவுதான்.

கூகுள் ஸ்லைட்ஸில் செய்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ‘ஷேர்’ அழுத்தி, இணைப்பு வைத்திருப்பவர் ‘வியூவர்’ மட்டுமே என்று வையுங்கள். ‘எடிட்டர்’ என்று இருந்தால் இணைப்பு கிடைத்த யாரும் மாற்றலாம். அவசரத்தில் இந்த இடத்தைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம். அதே பெட்டியில் பல்சக்கரக் குறியை அழுத்தினால், பார்ப்பவர்கள் பதிவிறக்கம், அச்சு, காப்பி செய்யும் வசதியை எடுத்துவிடலாம். திரையைப் படம் பிடிப்பதை எந்த நிறுவனமும் தடுக்க முடியாது, அது வேறு. இந்த முறையின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: கோப்பு நம்மிடமே இருக்கிறது. வெளியே போவது அதைப் பார்க்கும் ஜன்னல்தான். யார் எப்போது மாற்றினார்கள் என்பதை ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பார்த்துப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும்.

அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போகும்போதும் பி.டி.எஃப்.தான் கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கணினியில் இறங்கிய கோப்பை அழிக்கச் சொல்லி, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து ‘லாக் அவுட்’ ஆனதை உங்கள் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பக்கத்திலும் பார்த்துவிடுங்கள்.

முறுக்குப் பொட்டலமும் இ-ஆதாரும்

நம் ஆட்டையாம்பட்டி கை முறுக்கை வெளியூருக்குக் கொடுத்தனுப்பும்போது பொட்டலத்தை ஒட்டி, கடையின் சீட்டையும் ஒட்டித் தருவார்கள். வழியில் யாரும் பிரிக்கவே முடியாதபடியா ஒட்டுகிறார்கள்? இல்லை. பிரித்தால் தெரியும்படி ஒட்டுகிறார்கள். கோப்புக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு. அதன் பெயர் டிஜிட்டல் கையொப்பம்.

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். இ-ஆதார் பி.டி.எஃப்.ஐத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் பாஸ்வேர்டாகக் கேட்கும். அது படிப்பதைத் தடுக்கும் பூட்டு, விதி எல்லோருக்கும் தெரிந்ததால் சற்று எளிய பூட்டு. உள்ளே கையொப்பப் பெட்டியில் முதலில் கேள்விக்குறி தெரியும். கணினியில் அதைச் சரிபார்த்தால் பச்சை டிக்காக மாறும். இதுதான் முத்திரை. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது என்று காட்டிவிடும். தாளில் அச்செடுத்தால் வருவது அந்த டிக்கின் படம் மட்டுமே, சரிபார்ப்பு கோப்பில்தான் நடக்கும்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்புத் தந்திருக்கிறது. உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் யூஎஸ்பி டோக்கனில் இதைத் தருகின்றன. தணிக்கையாளர்களிடம் இது வழக்கமாக இருக்கும். பவர்பாயின்ட்டிலும் ‘ஆட் எ டிஜிட்டல் சிக்னேச்சர்’ இருக்கிறது. அப்படிக் கையொப்பமிட்ட பிறகு யாராவது திருத்தினால் கையொப்பம் போய்விடும். ஒவ்வொரு நோட்டீஸுக்கும் இது தேவையில்லை. ஆண்டுக் கணக்கு பி.டி.எஃப்.க்குத் தணிக்கையாளரிடம் கேட்டு வாங்கலாம். பெரிய செலவில்லாமல் கிடைக்கும் வலுவான முத்திரை அது.

அசல் எங்கே இருக்கிறது?

இப்போது அந்தப் பழைய நிகழ்ச்சிக்கு வருவோம். திருத்தம் பிடிபட்டது ஒப்பிட்டதால். அசல் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தால், போலி எத்தனை கை மாறினாலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், எழுதுவதோடு நிற்காமல் சாட்சிகளையும் வைக்கச் சொல்வதை இங்கே நினைத்துப் பாருங்கள். எழுத்தைப் பார்த்தவர்கள் பலர் இருக்கும்போது அதை மாற்றுவது கடினம்.

நமக்கு மிக எளிய வழி பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைதான். கணக்கு ஸ்லைடை அச்செடுத்து, முத்தவல்லியும் பொருளாளரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஜமாஅத் முத்திரை வைத்து ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் தேதியும் ‘பக்கம் 3 / 12’ என்பது போல எண்ணும் இருக்கட்டும். ஒரு பக்கம் காணாமல் போனாலும் கூடினாலும் தெரியும். கடைசி ஸ்லைடில் இந்த வரியைச் சேருங்கள்: ‘இதன் கையெழுத்திட்ட அசல் பள்ளிவாசல் பலகையில் உள்ளது. வேறுபாடு இருந்தால் பலகையில் உள்ளதே சரி.’ பெண்கள் பார்க்க வசதியாக மதரஸாவிலும் ஒரு பிரதி ஒட்டலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பலகை எட்டாது. அவர்களுக்காக வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டுமே பதிவிடக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றை வைத்து, எல்லா அசலும் அதில் மட்டும் வரும் என்று வழக்கமாக்குங்கள். வேறு குழுவில் ‘ஃபார்வேர்டட்’ என்ற குறியோடு வரும் கோப்பு அசலின் பிரதியாகவும் இருக்கலாம், திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். பணம் அனுப்புவதற்கு முன் அறிவிப்புக் குழுவில் இருப்பதோடு ஒருமுறை ஒப்பிடச் சொல்லுங்கள்.

கொடுப்பவர்கள் கியூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படிக்க வேண்டும். அறக்கட்டளையின் பெயருக்குப் பதிலாகத் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, ஸ்லைடில் இருக்கும் எண்ணை விட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பொருளாளரைக் கூப்பிடுங்கள். ஸ்லைடைத் திருத்தியவர் போன் எண்ணையும் திருத்தியிருப்பார்.

திருத்தப்பட்ட ஸ்லைடு சுற்றுவது தெரிந்தால் அதை அழித்துவிடாமல், எந்த எண்ணிலிருந்து எப்போது வந்தது என்று தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். யார் செய்தார் என்று குழுவில் பெயர் சொல்லிச் சண்டை போடுவது வேண்டாம், அனுப்பியவரே ஏமாந்தவராக இருக்கலாம். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள், அந்த எண் இரவிலும் எடுக்கப்படும்.